நக்கிள்ஸ் மலையில் ஓர் ஓணானைத் தேடி



இஷாத் தொழுகை முடிந்து குசினிக்குள் நுழைகிறீர்கள். மின்குமிழைப் போட்டதும் சுவரில் ஒரு பல்லி தென்படுகிறது. உங்கள் கை தானாகவே தும்புத்தடியைத் தேடுகிறது. பக்கத்தில் சின்னப் பிள்ளை நின்றால், "அடிங்க உம்மா, நூறு நன்மை" என்று உற்சாகப்படுத்தும். அந்த நூறு நன்மையைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? பெரும்பாலும் என்னைப் போன்ற ஒரு மௌலவியாகத்தான் இருப்பார்.

நான் சொல்லப்போகும் பிரயாணக் கதைக்கு அந்த நூறு நன்மைதான் தொடக்கம். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல்லி பற்றிய ஹதீஸைப் படித்துக் கொடுத்தேன். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் அது. ஒரே அடியில் கொன்றால் நூறு நன்மை, இரண்டாவது அடியில் என்றால் அதைவிடக் குறைவு, மூன்றாவதில் என்றால் அதிலும் குறைவு. பாடம் முடிந்து இடைவேளை மணி அடித்தது. மணி முடிவதற்குள் பையன்கள் பாடசாலை வேலியோரம் கல்லோடு நின்றார்கள். வேலியில் பல்லி ஏது? இருந்ததெல்லாம் ஓணான்கள். இடைவேளை முடிந்து வந்த ஒருவன் நூலில் கோத்த ஏழு ஓணான்களை என் மேசைக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "சேர், எழுநூறு" என்றான்.

நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்றுவரை என் தொண்டையில் நிற்கிறது.

அன்று பின்னேரம் அதே பாடசாலையில் நாலாம் வகுப்புப் படித்த என் மகள், "வாப்பா, ஹதீஸில் வாற வஸகு பல்லிதானே? ஓணானும் வஸகா?" என்று கேட்டாள். எனக்கு அவசரம். மஃரிபுக்குப் போக வேண்டியிருந்தது. "எல்லாம் ஒன்றுதான் மகள்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அறபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன், தெரியாத விடயத்தில் ஒரு பிள்ளைக்கு "தெரியாது" என்று சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். இறுதி வருட ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன். "ஓணான் வாப்பா" என்றாள். அவள் பகிடி விடவில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும் வாழும் ஓர் ஓணான் இருக்கிறதாம். உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இல்லை. இலங்கையிலேயே வேறு எந்த மலையிலும் இல்லை. ஆய்வு தொடங்குமுன் அது வாழும் இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவர வேண்டும், நீங்கள் கூட வருவீர்களா என்று கேட்டாள்.

ஊரில் கதை பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? என் ராத்தா அடுத்த நாளே வந்துவிட்டார். "பொம்புளப் புள்ள ஓணான் தேடிக் காட்டுக்குப் போறதா? நீங்களும் மௌலவியா இருந்துகொண்டு அதுக்குத் துணை போறதா?" என்றார். பூமியில் சுற்றித் திரிந்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கச் சொல்லும் வசனம் அல்-அன்கபூத் அத்தியாயத்தில் இருக்கிறது. அதில் ஆண்பிள்ளை மட்டும் பார்க்கட்டும் என்று இல்லையே என்றேன். ராத்தாவுக்குத் திருப்தியில்லை. ஆனாலும் போகும் நாள் காலையில் ஒரு பெட்டி நிறையச் சோற்றுப் பொட்டலம் அனுப்பியிருந்தார்.

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரமிருக்கும். சுபஹ் தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். நான், மகள், அவளுடைய தோழி ஒருத்தி, தோழியின் நானா. மாத்தளையைத் தாண்டி ரத்தோட்டைப் பாதையில் திரும்பியதும் வீடுகளுக்குப் பின்னால் மிளகுக் கொடியும் பாக்கு மரமும் தொடங்கிவிடும். பம்பரகிரி எல்லை நீர்வீழ்ச்சிக்குப் போகும் பாதையைக் கடந்து மேலே ஏற ஏற, வளைவுக்கு வளைவு குளிர் கூடுகிறது. கீழே மாத்தளையில் வியர்த்த உடம்பு றிவர்ஸ்டனில் நடுங்குகிறது. அங்கே வீசும் காற்று சாமானியமானதல்ல. வேன் கதவைத் திறந்த தோழியின் நானா அதை மூடுவதற்கு இரண்டு கையும் போட வேண்டியிருந்தது.

நக்கிள்ஸ் என்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் பொத்திய கையின் விரல் முட்டுகள் மாதிரிச் சிகரங்கள் வரிசையாகத் தெரிவதால் அப்படி வைத்தான். சிங்களத்தில் தும்பற மலைத்தொடர் என்பார்கள். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஆகக் கூடிய உயரம் கொம்பனியா சிகரம், 1,906 மீற்றர். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் எமது மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது, ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாத மலைக் காட்டோடும் இந்த நக்கிள்ஸ் காட்டையும் சேர்த்தே அறிவித்தது. வனத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. போனாலும் ஓர் இலையைக்கூடப் பிடுங்கிவர முடியாது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அங்குள்ள கிராமத்துச் சிங்களப் பெரியவர். அறுபது வயதைத் தாண்டியவர். சின்ன வயதில் அந்தக் காட்டுக்குள்ளேயே ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவராம். என் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, "மௌலவி மாத்தயா, நீங்களும் கட்டுஸ்ஸா பார்க்கவா?" என்று சிரித்தார். கட்டுஸ்ஸா என்றால் ஓணான். நாங்கள் தேடிப் போனதற்கு அவர்கள் சொல்லும் பெயர் பெத்தி அங் கட்டுஸ்ஸா. மூக்கு நுனியில் இலை மாதிரி ஒரு கொம்பு வைத்திருப்பது.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வட்டிலப்பத்திலும் புரியாணியிலும் போடுகிற ஏலக்காய் எப்படி விளைகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அந்தப் பெரியவர்தான் பழைய ஏலச்செடி ஒன்றைக் காட்டினார். இலை ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. பூவும் காயுமோ அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படுத்துக் கிடக்கின்றன. ஏலத்துக்கு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. ஆகவே பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டு, கீழே உள்ள சிறு செடிகளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கி ஏலத்தை நட்டிருக்கிறார்கள். மேலே பார்த்தால் காடு அப்படியே இருப்பதுபோலத் தோன்றும். கீழேயோ நாளைக்கு மரமாக வேண்டிய கன்று ஒன்றுகூட இல்லை. ஒரு வீட்டில் வாப்பா, உம்மா, பாட்டனார் எல்லாரும் இருக்கிறார்கள். பிள்ளை மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுபோல. காய்த்த ஏலத்தை உலர்த்தவும் காட்டு விறகுதான். காட்டுக்கு நடுவே சூளை போட்ட பழைய கொட்டில்களின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பிறகு அரசாங்கம் காட்டைப் பாதுகாக்கத் தொடங்கி ஏலச் செய்கையைக் கட்டுப்படுத்தியது. எடுபட்ட தோட்டங்களில் செடிகள் மட்டும் தாமாக வளர்ந்து நிற்கின்றன.

"ஏலத்துக்குள்ளே வேலை செய்யும்போது இந்தக் கட்டுஸ்ஸாவை நிறையக் கண்டிருக்கிறோம்" என்றார் பெரியவர். "அப்போது அது பெரிய சாமான் என்று எங்களுக்குத் தெரியாது."

காட்டுக்குள் கால் வைத்ததும் அட்டைகள் வரவேற்றன. காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் போனோம். இருந்தும் என் சறத்து விளிம்பு வழியாக இரண்டு ஏறிவிட்டன. களிசானும் நீண்ட மேற்சட்டையும் மக்கனாவும் போட்டிருந்த பிள்ளைகள் இருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை. களிசான் போட்டு வாருங்கள் என்று மகள் முதல் நாளே சொன்னதை நான் கேட்கவில்லை.

தேடுவது என்றால் நடந்துகொண்டே அங்குமிங்கும் பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. பத்து அடி நடந்து, நின்று, ஒவ்வொரு மரத்தண்டையும் தரையிலிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். பிறகு மரத்தைச் சுற்றிப் போய் மறுபக்கம் பார்க்க வேண்டும். ஓணான் ஆளைக் கண்டால் தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடுமாம். பாசியும் பன்னமும் மூடிய மரங்கள். எதைப் பார்த்தாலும் ஓணான் மாதிரியே இருக்கிறது. கிட்டப் போனால் காய்ந்த குச்சி. ஒரு மணித்தியாலம் போயிற்று. இரண்டு மணித்தியாலமும் போயிற்று. பனிமூட்டம் இறங்கி முன்னால் போகிறவரின் முதுகு மறைந்தது. எனக்குக் கழுத்து வலித்தது. உண்மையைச் சொன்னால், ஓர் ஓணானுக்காக இவ்வளவா என்று மனம் முணுமுணுத்தது.

ஓடைக் கரையில் ஒரு பெரிய பாறை. அதன் அடிப்புறத்தில் மகள் குனிந்து டோர்ச் அடித்தாள். "வாப்பா, இங்க பாருங்க." பாறை வெடிப்பில் கடலைப் பருமனில் வெள்ளை முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு சின்னஞ்சிறு பல்லி. பகலில் நடமாடும் பல்லி இனமாம். எங்கள் வீட்டுப் பல்லி இரவில் இரை தேடுவது. அதன் விரலுக்கு அடியில் ஒட்டுப்பிடிக்கும் தகடு இருப்பதால் முகட்டிலும் தலைகீழாக நடக்கும். பகற்பல்லிக்கு அந்தத் தகடு இல்லை. மெல்லிய விரலாலும் நகத்தாலும் பாறையைப் பற்றிக்கொள்கிறது. கண்மணியும் வட்டமாக இருக்கும். இலங்கையில் இப்படிப் பகற்பல்லி இனங்கள் ஒன்றிரண்டல்ல, முப்பதுக்கும் மேல். அவற்றில் மிகப் பலவற்றைப் பிரித்தறிந்து பெயர் வைத்ததே 2007ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும்தான் என்றாள் மகள். ஒரு குன்றில் இருப்பது பக்கத்துக் குன்றில் இல்லையாம். அந்தப் பாறையை யாராவது உடைத்துக் கருங்கல்லாக விற்றால்? அவள் பதில் சொல்லவில்லை. முட்டைகளை எண்ணிக் கொப்பியில் எழுதினாள்.

கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளுக்காக ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்திலும் இப்படி ஓர் அதிசயம் உண்டு. அம்பாறை, மொனராகலை மாவட்டங்களின் பாறைக் குகைகளில் பொன்னிறத் தொண்டையுள்ள பெரிய பல்லி வாழ்கிறது. சிங்களத்தில் மஹ கல்ஹூனா என்பார்கள். தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த தெரணியகல 1953இல் அதை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அந்த வகையில் உலகம் முழுவதும் இரண்டே இரண்டு இனங்கள். ஒன்று நம் நாட்டில், மற்றது இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலையில். பல பல்லிகள் ஒரே பாறைச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். கூரைக்கடியில் யாரோ வெள்ளைப் பொத்தான்களை ஒட்டிவைத்ததுபோல இருக்கும் என்று மகள் சொன்னாள். நான் இன்னும் பார்க்கவில்லை.

லுஹர் நேரமாகியது. ஓடையில் வுழூச் செய்தோம். தண்ணீர் ஐஸ். பாறைமேல் தொழுதுவிட்டு ராத்தாவின் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தோம். பெரியவரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கோழி பொரியலை மெச்சினார். சாப்பிட்ட பின் கைகழுவ எழுந்துபோனவர் பத்தடி தூரத்தில் அப்படியே நின்றார். கையை மட்டும் பின்னால் நீட்டி, விரலை அசைத்தார். "எண்ட, எண்ட. ஹெமின்."

மெதுவாகப் போனோம். அவர் காட்டிய இடத்தில் என் கைப் பருமனான ஒரு மரம். நெஞ்சு உயரத்தில் பாசி. பாசியின்மேல் ஒரு காய்ந்த இலை. "எங்கே?" என்றேன். மகள் கண்டுவிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டாள். தோழி கண்டுவிட்டாள். அவளுடைய நானாவும் கண்டுவிட்டார். நான் மட்டும் பாசியையும் இலையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். "இலைக்குக் கீழே பாருங்க வாப்பா. இலைக்குப் பின்னால கண்."

இலை அசையவில்லை. கண் அசைந்தது.

அவ்வளவு நேரமும் நான் காய்ந்த இலை என்று நினைத்தது அதன் மூக்கு. ஸுப்ஹானல்லாஹ்! ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அதில் பெரும்பகுதி வால். பாசியின் பச்சையும் மரப்பட்டையின் பழுப்பும் கலந்த நிறம். மூக்கு நுனியில் சதைப்பற்றான, பக்கவாட்டில் தட்டையான ஓர் இதழ். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது உண்டு. எதற்காக என்று இன்னும் முடிவாகச் சொல்வாரில்லை. எங்கள் வேலி ஓணான் ஆளைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டு ஓடும். இது ஓடவில்லை. தன்னைப் படைத்தவன் கொடுத்த மறைவில் முழு நம்பிக்கை வைத்து அசையாமல் இருந்தது. ஒரு கல் போதும், தப்பவே தப்பாது என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியதென்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இதன் விஞ்ஞானப் பெயரில் இருப்பது டெனன்ட் என்ற வெள்ளைக்காரரின் பெயர். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1861இல் இந்த இனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இதன் இனத்தார் இலங்கையில் மொத்தம் ஆறு. ஆறும் இங்கு மட்டுமே. இரண்டை 1998இலும், கடைசி ஒன்றை 2020இலும்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதாவது நான் வேலியோரத்து ஓணான்களுக்கு "எல்லாம் ஒன்றுதான்" என்று தீர்ப்புச் சொன்ன அன்று, ஆறாவது ஓணானுக்கு இன்னும் பெயரே கிடையாது.

மகள் அதைத் தொடவில்லை. தூரத்தில் நின்று படம் எடுத்தாள். தரையிலிருந்து உயரம், மரத்தின் சுற்றளவு, நேரம், குளிர் எல்லாவற்றையும் எழுதினாள். கால்மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு தடவை ஓரடி மேலே ஏறியது. பல் துலக்க எழும்பும் சின்னப் பிள்ளையின் அவசரம்தான் அதற்கு.

எந்த இடம், எந்த ஓடை என்று இங்கே எழுத மாட்டேன். பெரியவர் கேட்டுக்கொண்டது அது. இதற்கு வெளிநாட்டில் விலை இருக்கிறது. அலங்காரப் பிராணியாகக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறவர்களுக்காகக் கடத்துகிறார்கள். இலங்கைச் சட்டம் இதைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடுக்கிறது. 2019இல் சர்வதேச வர்த்தகத்தை அடியோடு தடைசெய்யும் பட்டியலிலும் இதைச் சேர்த்துவிட்டார்கள். கடத்துகிறவன் பட்டியலைப் பார்த்தா வருகிறான்?

இரவு கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கினோம். பிள்ளைகளுக்கு உள்ளே அறை, எங்களுக்கு விறாந்தை. பிளேன்டீயும் கித்துல் கருப்பட்டியும் தந்தார்கள். மின்குமிழைச் சுற்றிப் பூச்சி பறந்தது. சுவரில் வழக்கமான வீட்டுப் பல்லி ஒன்று வந்து நின்றது. மகள் அதைப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

நானாகவே பேச்சை எடுத்தேன். சகோதரிகளே, அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். ஹதீஸை யாரும் தள்ளிவிட முடியாது, நானும் தள்ளவில்லை. இப்றாஹீம் (அலை) அவர்களை எறிந்த நெருப்பை ஊதியது என்று உம்மு ஷரீக் (ரழி) அவர்களின் அறிவிப்பில் வருவதும், நூறு நன்மை என்று வருவதும் வஸகு என்ற பிராணியைப் பற்றித்தான். வஸகு என்றால் பல்லி. அதைக் கொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதைத் தாம் கேட்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னதும் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. இமாம் நவவி அவர்கள் தீங்கு செய்யும் சிறு பிராணிகளில் அதைச் சேர்க்கிறார்கள். அடி கூடக் கூட நன்மை ஏன் குறைகிறது? விரைவாக முடித்துவிட வேண்டும் என்பதற்காக. நூலில் கோத்து ஆட்டுவதற்காக அல்ல. இப்னு உமர் (ரழி) அவர்கள் ஒருமுறை குறைஷி வாலிபர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்து எறிவதைக் கண்டார்கள். உயிருள்ள ஒன்றைக் குறியாக வைப்பவனை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகச் சொன்னார்கள். அந்த ஹதீஸும் அதே முஸ்லிம் கிரந்தத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் ஓதியவன் நான். வகுப்பில் ஒன்றை மட்டும் சொன்னேன்.

ஓணானுக்கு ஹதீஸில் என்ன இருக்கிறது? நாங்கள் சின்ன வயதில் கேட்டது, நபியவர்கள் குகையில் மறைந்திருந்தபோது ஓணான் தலையாட்டி எதிரிக்கு இடம் காட்டியதாம். அதனால்தான் அது இன்றும் தலையாட்டுகிறதாம், ஆகவே கல்லால் அடிக்க வேண்டுமாம். என் வாப்பாவின் வாப்பா சொல்லியிருப்பார்; அவருக்கு யாரோ சொல்லியிருப்பார். நான் தேடிய எந்த ஹதீஸ் கிரந்தத்திலும் அது இல்லை. ஓணான் தலையாட்டுவது தன் எல்லையைக் காட்டவும் பெண் ஓணானை அழைக்கவும் என்று மகள் சொன்னாள். அறபு நாட்டுப் பாலைவனத்தில் ழப்பு என்றொரு பெரிய பிராணி உண்டு. அதுவும் ஓணான் வர்க்கம்தான். மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் அதைச் சமைத்து வைத்தபோது நபி (ஸல்) அவர்கள் சாப்பிடவில்லை. ஹராமா என்று கேட்டதற்கு இல்லை, தம் ஊரில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் அதைச் சாப்பிட்டார்கள். ஆக, அந்த வர்க்கத்தின்மேல் பகையொன்றும் இல்லை. எமது ஷாபிஈ அறிஞர் தமீரி, ஹிஜ்ரி 808இல் வபாத்தானவர், பிராணிகளைப் பற்றி எழுதிய பெரிய அகராதியில் பல்லிக்கும் ழப்புக்கும் பச்சோந்திக்கும் தனித்தனித் தலைப்புப் போட்டிருக்கிறார். அறுநூறு வருடத்துக்கு முன் கெய்ரோவில் இருந்தவருக்கு வேறு வேறாகத் தெரிந்தது, ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய எனக்கு ஒன்றாகத் தெரிந்தது.

"அன்றைக்கு நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் மகள்" என்றேன்.

"எனக்கு ஞாபகமிருக்கு வாப்பா" என்றாள். பிறகு கொப்பியைத் திறந்து பகலில் எழுதியதைச் சுத்தமாக எழுதத் தொடங்கினாள். கோபமாகவும் இல்லை, மன்னித்ததாகவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏழும் வேலி ஓணான்தான். அது இந்தியாவிலும் நிறைய இருக்கு. ஆனா ஒன்றில வயிறு நிறைய முட்டை இருந்திச்சு" என்றாள். நூலைத் தூக்கிப் பிடித்த பையனையும் எழுநூறையும் மட்டும்தான் நான் பார்த்தேன். இடைவேளையில் எட்டிப் பார்த்த நாலாம் வகுப்புப் பிள்ளை முட்டையைப் பார்த்திருக்கிறது.

மறுநாள் காலை இன்னொன்றைத் தேடினோம். அதே மலையின் உச்சிக் காடுகளில் ஒரு குட்டி ஓணான் இருக்கிறது. 2006இல்தான் அதைத் தனி இனமாகக் கண்டு, தும்பற மலையின் பெயரையே வைத்தார்கள். வாலால் கொப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பச்சோந்தி போல மெதுவாக நடக்குமாம். அது முட்டையிடுவதில்லை, குட்டி போடுமாம். ஓணான் குட்டி போடுமா என்று மூன்று தரம் கேட்டேன்; பெரியவரே ஆமென்றார். இது அழிவின் விளிம்பில் நிற்பதாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். காற்றிலும் தூறலிலும் பதினொரு மணிவரை தேடினோம். கிடைக்கவில்லை. கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டதற்குப் பெரியவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் இந்த மாதத்தில் இவ்வளவு வெயில் இல்லை என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் பிட்டவல பத்தனையில் இறங்கினோம். பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் புல். கண்ணுக்கெட்டிய தூரம் திறந்த வெளி. விடுமுறைக்கு வந்த கூட்டம். நம்மவர்களும் நிறைய இருந்தார்கள். புரியாணிப் பெட்டிகளும் பொலித்தீன் பைகளும் புல்லில் உருண்டன. ஒரு குடும்பத்துப் பையன், எட்டு வயதிருக்கும், கையில் கல்லோடு பாறையோரம் பதுங்கிப் பதுங்கிப் போனான். நான் கிட்டப் போய், "என்ன தம்பி பார்க்கிறீங்க?" என்று கேட்டேன். என் தொப்பியைக் கண்டதும், ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், "ஓணான் மௌலவி! அடிச்சா நன்மைதானே?" என்றான்.

கல்லை வாங்கி வைத்துவிட்டு அவனோடு அந்தப் பாறையில் உட்கார்ந்தேன். அவனுடைய உம்மாவும் வந்தார். பதினைந்து நிமிடம் பேசியிருப்பேன். மகள் தன் கெமராவில் மூக்கில் இலை முளைத்த ஓணானைக் காட்டினாள். பையன் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். "இத அடிச்சா?" என்று கேட்டான். "இதை அடித்தால் பொலிஸ் பிடிக்கும்" என்றாள் மகள். அது அவனுக்கு என் பதினைந்து நிமிடத்தைவிட நன்றாக விளங்கியது.

வீடு வந்து சேர இஷாவாகிவிட்டது. என் மனைவி குசினியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் பிரயாணக் கதையெல்லாம் சொல்ல, அடுப்புக்கு மேலே சுவரில் வழக்கமான பல்லி வந்து நின்றது. அவர் தும்புத்தடியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கும் ஏதாவது சேட்டிபிகட் இருக்கா? கேட்டுச் சொல்லுங்க."

"இது வஸகுதான். அடிக்கலாம், அடிச்சா ஒரே அடி" என்றேன்.

அவர் பல்லியைப் பார்த்தார். பல்லி ஒரு பூச்சியைப் பிடித்து விழுங்கியது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தும்புத்தடியை மூலையில் சாய்த்தார். பால் சட்டியை எடுத்து மூடினார்.